சட்டாம்பிள்ளையும் சாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் பரிசளிப்பும் நினைவுக்கு வரும். இவற்றிற்கிடையே பள்ளிப் பாடத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணலாம். இன்று பரிசு பெற வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை ஒருமுறை பாருங்கள். அவர்கள் வாங்கும் மதிப்பெண்ணை நாம் அறிவோம். அம்மதிப்பெண்ணுக்குப் பின்னால் உள்ள அறிவை அறிவோமா? அதனை அறிவதற்கு ஒரு வழியும், வளர்ப்பதற்கு ஒரு வழியும் உண்டு. இரண்டும் ஒரே வழி என்பதைக் கூறுதலே நம் நோக்கம். பொதுவாகப் பேசாது உயிரியல் என்னும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

உயிரியல் நம் உடலைப் பற்றியது. வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தியைப் பற்றியது. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அது அயல்நாட்டுச் சொற்பட்டியல் போலத் தோன்றுகின்றது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இத்தொல்லை மும்மடங்கு. இலையின் அடிப்புறத்தில் காற்று புகுந்து வெளிவரும் நுண்ணிய துளை ஒன்று உண்டு. மலையாளப் பாடநூல் அதனை ஆஸ்யரந்த்ரம் என்னும். ஆங்கிலப் பாடநூல் ஸ்டொமேட்டா என்னும். தமிழில் அது இலைத்துளை. ஹரிதகம், குளோரோபில், பச்சையம் என்னும் மூன்றும் ஒரே பொருள். பிரகாச சம்ச்லேஷணம், போட்டோசிந்தசிஸ், ஒளிச்சேர்க்கை என்னும் மூன்றும் ஒரே செயல். சாலைக் கடைத்தெருவை அடுத்த அரசுத் தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளை ஒரு பெயரைக் கற்கும். மலையாளப் பள்ளியில் பயிலும் பிள்ளை மற்றொன்றைக் கற்கும். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வது மூன்றாவதைக் கற்கும். மாலையில் மூவரும் ஒரே காலனியின் ஒரே மதிலின்மேல் அமர்ந்து பேசுகின்றனர். ஆனால் பாடத்தைப் பற்றி மட்டும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை!

இதற்கு நாம் கண்ட மருந்து டியூஷன். பள்ளியில் ஒருவர் சொல்லக் கேட்ட பிள்ளை, மாலையில் இன்னொருவர் சொல்லக் கேட்கின்றது. இரண்டு இடத்திலும் அதன் வேலை கேட்பது ஒன்றே. வாய் திறந்து விளக்குவதற்கு அதற்கு இடம் எங்கே?

இக்குறையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல் என்பது யாவரும் அறிந்ததே. அதன் பொதுப்பாயிரத்தில் கற்கும் முறையைப் பற்றியும் ஒரு கணக்கு உள்ளது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தோடு கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கே என்பது அவர் கருத்து. உடன் பயில்வாரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய பாதி எப்போது வரும்? தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக விளக்கும்போது வரும். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கணக்கை வைத்து நம் வீட்டு நிலையை எண்ணிப் பார்த்தால், நாம் கட்டணம் செலுத்துவதெல்லாம் அந்த முதற் கால் பங்குக்கே என்பது விளங்கும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். ஆசிரியர் ஒருவர், மாணவரோ பல வயதினர், பல நிலையினர். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்கு மணலில் எழுத்தைக் காட்டுவான். பாடத்தைச் சொல்லிவைத்து ஒப்பிக்கக் கேட்பான். இம்முறைக்கு நம் திருவனந்தபுரத்திலேயே பெரியதொரு சான்று உண்டு. கண்ணம்மூலைக்கு அருகில் உள்ள கொல்லூரில் 1853இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தார். பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் நடத்திய பள்ளியில் பயின்ற அவரை, ஆசான் மாணவர்க்குத் தலைவராக, சட்டம்பியாக, அமர்த்தினார். அந்தப் பள்ளிப் பதவியே அவர் வாழ்நாள் பெயராயிற்று. கேரளத்தின் சிந்தனைப் போக்கையே மாற்றியவரும், தமிழ் நூல்களிலும் ஆழ்ந்து பயின்றவருமான சட்டம்பி சுவாமிகள் அவரே. 1924இல் அவர் மறையும் வரையிலும், மறைந்த பின்னரும், உலகம் அவரை வகுப்பில் பிறர்க்குக் கற்பித்த மாணவன் என்ற பெயராலேயே அழைத்து வருகின்றது. இதைவிடச் சிறப்பு அப்பதவிக்கு வேறென்ன வேண்டும்?

கடல் கடந்தும் இம்முறை சென்றது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார், துணையாசிரியர்கள் உடன்படவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனை அழைத்து, சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அச்சிறுவன் வென்றான். பெல் தாய்நாடு திரும்பி 1797இல் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. அவர் வழங்கிய செல்வத்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர் தாங்கி நிற்கின்றது.

ஆனால் நாம் பழம்பெருமை பேசிக் கைதட்டல் பெறுவதற்கு வரவில்லை. அம்முறை ஏன் தளர்ந்தது என்பதையும் கூறவேண்டும். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம், செலவு குறையும் என்பதே பலர்க்கு அதன் கவர்ச்சியாயிற்று. சட்டாம்பிள்ளைகள் விளக்குவதை விட்டு ஒப்பிக்கச் செய்வோராயினர். கற்பித்தல் என்பது மேற்பார்வை பார்த்தலாகச் சுருங்கிற்று. 1846இல் இங்கிலாந்து அரசு, பதின்மூன்று வயது முதல் ஐந்தாண்டுக் காலம் முறையாகப் பழக்கப்பெறும் மாணவ ஆசிரியர்களை ஏற்படுத்தியது. சிறுவனைச் சிறுவனுக்கு ஆசிரியனாக்கினால் போதாது. எவ்வாறு உதவுவது என்பதையும் அவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் பாடத்தை அவ்வரலாறு தருகின்றது.

எவ்வாறு உதவுவது? இவ்வினாவுக்கு 20ஆம் நூற்றாண்டின் அறிஞர் விடை கண்டனர். ரஷ்ய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி, 1934இல் தம் 37ஆம் வயதில் மறைந்தவர், ஓர் அரிய உண்மையைக் கூறினார். பிள்ளை தானாகச் செய்யக்கூடியது ஒரு எல்லை. அறிந்தவர் துணையோடு செய்யக்கூடியது அதற்கு அப்பால் ஓர் எல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலமே கல்விக்குரிய விளைநிலம். அதன்பின் 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் என்னும் மூவர், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு செய்ய ஒருவர் துணைபுரிவதை ஆராய்ந்து, அத்துணைக்கு ஒரு பெயர் இட்டனர். கட்டடத் தொழிலாளர் கட்டும் சாரத்தின் பெயரே அது. மலையாளத்தில் இதனைக் கைத்தாங்கு என்றும் கூறுவர்.

சாரம் என்ற உவமை மிகப் பொருத்தமானது. 1869இல் திறக்கப்பெற்ற நம் தலைமைச் செயலகக் கட்டடத்தை எல்லோரும் கண்டிருக்கின்றோம். அது எழும்பிய காலத்தில் இளைஞரான சட்டம்பி சுவாமிகள் அங்கே மண் சுமந்து கூலி வேலை செய்தார் என்று அவர் வரலாறு கூறும். அன்று அதனைச் சுற்றிக் கட்டிய சாரம் இன்று எங்கே? சாரம் இல்லாமல் சுவர் எழாது. சாரம் நீங்காமல் கட்டடம் முடிந்ததாகாது. பிள்ளைக்குச் செய்யும் உதவியும் அத்தகையதே. அது தடுமாறும்போது சற்று மிகுதியாக உதவுக; தேறும்போது சற்றுக் குறைத்துக்கொள்க; இறுதியில் விலகிக்கொள்க. இதுவே முழு விதி.

இனி உயிரியல் பாடத்திற்கு வருவோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு ஒளிச்சேர்க்கையை விளக்குவதாகக் கொள்வோம். அவன் பள்ளியில் மூத்த மாணவியரைச் சேச்சி என்று அழைப்பவன். காலனியில் அவளை அக்கா என்று அழைப்பவன். அக்கா முதலிலேயே வரையறையைச் சொல்லிவிட்டால் அவன் மனப்பாடம் செய்துவிடுவான். பாடம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பதிலாக அவள் கேட்கட்டும்: இந்த மாமரத்தின் எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்று அவன் கூறுவான். பெரியவரைக் கேட்டாலும் பெரும்பாலோர் அவ்வாறே கூறுவர்.

அப்போது அவள் வான் ஹெல்மான்ட் என்பவரின் சோதனையைச் சொல்லலாம். 1648இல் வெளியான அவர் நூலில் அது உள்ளது. உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி, ஐந்தாண்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேலாயிற்று. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. சிறுவன் திகைப்பான். அத்திகைப்பே கல்வியின் வாயில். அப்படியானால் நீரிலிருந்து வந்தது என்பான். வான் ஹெல்மான்ட்டும் அவ்வாறே முடிவு செய்தார் என்று அக்கா சொன்னால் அவனுக்கு ஊக்கம் பிறக்கும். நீர் தவிர அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது வேறென்ன என்பது அடுத்த வினா. காற்று என்ற சொல் அவன் வாயிலிருந்தே வரவேண்டும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் நீரும், பச்சையத்தின் துணையால், கதிரவன் ஒளியின் ஆற்றலைக் கொண்டு சர்க்கரையாகின்றன. அச்சர்க்கரையிலிருந்தே மரம் தன் உடலைக் கட்டுகின்றது. இவ்விடத்தில் இலைத்துளை என்னும் பெயரைச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும். வாயில் எது என்று தெரிந்தபின் ஆஸ்யரந்த்ரம் என்றாலும் ஸ்டொமேட்டா என்றாலும் பிள்ளை அஞ்சுவதில்லை.

பின்னர்ச் சோதனை. செம்பருத்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, ஓர் இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைக்கவேண்டும். இலையைப் பறித்துக் கொதிநீரில் இட்டு, பிறகு ஆல்கஹாலில் பச்சையம் நீங்கச் செய்து, கழுவி, அயோடின் துளி விட்டால், வெயில் பட்ட பகுதி கருநீலமாகும். மூடிய பகுதி ஆகாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆதலின் அதனை நேரே நெருப்பில் காட்டாமல் சுடுநீர்ப் பாத்திரத்துள் வைத்தே சூடேற்றவேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீரவேண்டும். முதன்முறை அக்கா செய்ய அவன் பார்க்கட்டும். இரண்டாம் முறை அவன் செய்ய, அடுத்து என்ன என்று அவள் கேட்கட்டும். மூன்றாம் முறை அவன் இன்னொரு சிறுவனுக்குச் செய்துகாட்டட்டும். அக்கா கைகட்டிப் பார்க்கட்டும். அதுவே சாரம் நீங்கும் நாள்.

இங்கே பெற்றோர் மனத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகளின் நேரம் இதனால் வீணாகாதோ? வீணாகாது. 1980இல் பார்க், ஷூல் என்னும் ஆய்வாளர் இருவர், பிறர்க்குக் கற்பிக்கும் எண்ணத்தோடு படித்தவர்கள் தமக்காக மட்டும் படித்தவர்களைவிட மிகுதியாகக் கற்றனர் என்று காட்டினர். நன்னூலின் பாதிப் பங்குக் கணக்கை நினைவுகூர்க. மரத்தின் எடையைப் பற்றி எட்டாம் வகுப்பான் கேட்கும் எதிர்பாராத கேள்விதான், தனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தது தெரியவில்லை என்பதை அவளுக்குக் காட்டும். அக்குறையைத் தேர்வுக்கூடத்தில் அறிவதினும் மதிலின்மேல் அறிவது நன்றன்றோ?

மற்றோர் ஐயமும் நியாயமானதே. தவறாகக் கற்றவன் தவறாகவே கற்பிப்பான். செடிகள் இரவில் மட்டும் சுவாசிக்கும் என்று ஒருவன் சொன்னால் பத்துப் பேர் அதனை நம்புவர். செடி இரவும் பகலும் சுவாசிக்கின்றது. ஒளிச்சேர்க்கையே ஒளி உள்ளபோது நடப்பது. இத்தகைய பிழைகள் வேரூன்றாதபடி ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்து கேட்கவேண்டும். ஆகவே இம்முறை ஆசிரியரை விலக்குவது அன்று. ஆசிரியரின் கண்ணும் செவியும் இருந்தாலன்றி இது நிலைபெறாது.

மூன்றாவது இடர் நுண்மையானது. சட்டம்பி என்னும் அதே சொல் இன்று மலையாளத்தில் போக்கிரியைக் குறிக்கின்றது. மாணவர் தலைவனைக் குறித்த சொல் எப்படி இந்நிலைக்கு இறங்கிற்று? அதிகாரம் மட்டும் தங்கி அறிவு விலகினால் யாருக்கும் இக்கதிதான். எப்போதும் ஒருவனே கற்பிப்பவன், ஒருவனே கேட்பவன் என்று வைத்தால், முன்னவனுக்குச் செருக்கும் பின்னவனுக்குத் தாழ்வும் வளரும். ஆகையால் முறை மாறவேண்டும். எட்டாம் வகுப்பான் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்து உயிரணுவை அழகாக வரைபவனாக இருக்கலாம். அப்பொழுது அவனே ஆசிரியன். தமிழ்வழிப் பிள்ளை தமிழ்ச் சொல்லையும், மலையாள வழிப் பிள்ளை மலையாளச் சொல்லையும், ஆங்கில வழிப் பிள்ளை ஆங்கிலச் சொல்லையும் கொண்டுவரட்டும். நமக்குத் தொல்லையாகத் தோன்றிய மும்மொழியும் அங்கே செல்வமாகிவிடும்.

நம் மாநிலத்திற்கு இது புதிதும் அன்று. 2018இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கணினி மன்றங்களில் பயிற்சி பெற்ற பிள்ளைகள், தாய்மார்களுக்கே இணையப் பாதுகாப்பைக் கற்பித்தனர். கணினிக்கு இயன்றது உயிரியலுக்கு இயலாதோ?

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து வையுங்கள். இருவர் இருவராக அமரட்டும். நம்மிடையே உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். விதிகள் நான்கு போதும்: விடையை முதலில் சொல்லாதே, வினாவை முதலில் கேள், மற்றவன் எழுதவேண்டியதை நீ எழுதாதே, மாதம் ஒருமுறை இடம் மாறி அமர். திங்களுக்கு ஒருநாள் பாலோட்டில் 1979இல் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுக்கோ, நகரின் அருங்காட்சியகத் தோட்டத்திற்கோ அழைத்துச் செல்லலாம். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒப்பக் கலந்து கொள்ளவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதன் பயனை அளக்க மதிப்பெண் தாளுக்குக் காத்திருக்க வேண்டா. நம் வீடுகள் பலவற்றில் நீரிழிவு நோயோடு வாழும் பாட்டியோ தாத்தாவோ இருக்கின்றனர். இன்சுலின் கணையத்தில் சுரப்பது, இரத்தத்திலுள்ள சர்க்கரை உயிரணுக்களுக்குள் செல்ல அது துணைபுரிவது ஆகியவற்றைப் பேரப்பிள்ளை பள்ளியில் கற்கின்றது; தேர்வில் எழுதவும் செய்கின்றது. ஆனால் ஊசி எதற்கு என்று பாட்டி கேட்டால் வாய் அடைத்து நிற்கின்றது. கற்ற மொழி ஒன்று, வீட்டு மொழி வேறொன்று. இரண்டிற்கும் நடுவே பாலம் கட்டுவார் இல்லை. பாட்டிக்குப் புரியும் தமிழில் அதனைச் சொல்ல வல்ல பிள்ளைக்கே அப்பாடம் சொந்தம். சொல்ல இயலாத பிள்ளையிடம், எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும், அது அடுத்த வகுப்பு வரையே தங்கும் இரவல் பொருள்.

பிற மாநிலத்தில் வாழும் நாம், தமிழைப் பாட்டிலும் கூத்திலும் காப்பாற்றி வருகின்றோம், அது நன்று. ஆனால் அறிவுத் துறைகள் யாவும் வேறு மொழிகளுக்குப் போய், தமிழ் அடுக்களைக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் எஞ்சினால், அடுத்த தலைமுறை அதனை எதற்காக வைத்துக்கொள்ளும்? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு இலைத்துளையை விளக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உயிரியலும் வளர்கின்றது, தமிழும் வளர்கின்றது. இதற்குப் பெரும் பொருள் வேண்டா. ஒரு கூடமும், சில பாய்களும், ஒரு செம்பருத்திச் செடியும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் போதும். வரும் ஞாயிறே தொடங்கலாம். பிள்ளைகளை அனுப்பிவைக்குமாறு பெற்றோரை வேண்டி அமைகின்றோம்.